வெள்ளி இறக்கையில் மஞ்சள்

பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடைக்குப் பக்கத்திலுள்ள தேநீர்க் கடையில் செல்வமும் நானும் வியாழக்கிழமை தோறும் சந்திப்போம். இருவரும் ஓய்வுபெற்றவர்கள். அவன் யாழ்ப்பாணம், நான் புதுச்சேரி. என்னைவிட இளையவன் என்பதால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். சென்ற மாதம் அப்படி உட்கார்ந்து நான் கடலை வடையைப் பிட்டு வாயில் போட்ட நேரத்தில் கைபேசி அடித்தது. பழைய விமானங்களைப் பழுதுபார்த்து வைக்கும் ஓர் அருங்காட்சியகத்தின் பட்டறையில்தான் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அங்கே இப்போது என் இடத்தில் இருக்கும் கிளேர் என்ற பெண்தான் கூப்பிட்டாள்.

“மதாம் தெரேஸ், நீங்கள் துணி போர்த்திய அந்த இரட்டை இறக்கை விமானத்துக்குத் துணி மாற்றுகிறோம். நான்கு இறக்கையிலும், ஒரே மாதிரி உள்மூலையில், ஒரு மஞ்சள் தடம் இருக்கிறது. வால் சுக்கானிலும் ஒரு சின்னப் பொட்டு. அமெரிக்கக் கடற்படையின் அந்தக் காலத்துக் குறியாக இருக்கும் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். புதுத் துணியிலும் அதை அப்படியே வரைய வேண்டுமா?”

வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமி இருமிச் சிரித்தேன். செல்வம் பயந்துபோய் எழுந்துவிட்டான்.

“என்னக்கா? ஆருக்கு என்ன நடந்தது?”

“உன் மஞ்சளைக் கண்டுபிடிச்சுட்டாங்கப்பா. அமெரிக்கக் கப்பற்படை வச்சதாம்!”

அவன் அப்படியே உட்கார்ந்தான். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் கல்லாவை விட்டு எட்டிப் பார்த்தார். கிளேருக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னேன். முழுவதும் எழுதித் தாருங்கள் என்றாள். பிரெஞ்சில் எழுத உட்கார்ந்தால் என் கதையில் பாதி காய்ந்துபோகிறது. எனவே முதலில் தமிழில் எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர். அவர் பின்னால் பாரிசுக்கு வந்தேன், தையல் படித்தேன், நாடக அரங்குகளுக்குத் திரை தைத்தேன். பட்டறையில் கனத்த துணி தைக்க ஆள் வேண்டுமாம் என்று ஒரு தோழி சொன்னபோது, விமானத்துக்கு எதற்குத் தையல்காரி என்று கேலி செய்தேன். போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்து இறக்கைக்கு உள்ளே மர எலும்பு, மேலே பருத்தித் துணி, அவ்வளவுதான். துணியை இழுத்துப் போர்த்தி, விலா எலும்போடு சேர்த்துத் தைத்து, அதன் மேல் ஒரு பூச்சு பூசினால் துணி சுருங்கி மத்தளம் போல் விறைத்துக்கொள்ளும். மத்தளத்தில் ஏறி மனிதன் பறந்திருக்கிறான் பாருங்கள்! அன்றே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

இந்த விமானம் எங்களிடம் பெட்டி பெட்டியாக வந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் அமெரிக்காவில் கட்டியது. விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து கிளம்பும், மற்ற விமானங்களோடு சண்டை போடும், தேவைப்பட்டால் கீழே குண்டும் போடும். கப்பல் தளம் ஓடுபாதை போல் நீளமானதல்ல. எனவே இறங்கும்போது தளத்தில் கட்டியிருக்கும் கம்பியில் மாட்டி நிற்க, வாலுக்கு அடியில் ஒரு கொக்கி. மூக்கு மழுங்கி, வயிறு பருத்து, இறக்கைகள் கட்டையாக, பார்க்க ஒரு கோபக்காரக் குண்டுப் பையன் மாதிரி இருக்கும். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது.

எங்கள் தலைவரை எல்லாரும் ‘ஷெஃப்’ என்றே கூப்பிடுவோம். பிரான்சின் மேற்குக் கடற்கரையில் பிரெத்தான் பக்கத்து ஆள், கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்தவர். குரல் உயர்த்த மாட்டார். துணியைக் காதருகே வைத்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். சத்தம் சரியாக இருந்தால் அடுத்த இடத்துக்கு நகர்வார், இல்லையென்றால் அங்கேயே நிற்பார். அவர் நின்றுவிட்டால் அந்த இடத்தைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதுதான். பட்டறையில் சீழ்க்கை அடிக்கக் கூடாது. இறக்கைப் பக்கம் சாப்பாடு வரக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் பட்ட துணியில் பூச்சு ஒட்டாது. இவற்றுக்கெல்லாம் மேல் ஒரு சட்டம் உண்டு. முயலின் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

ஆமாம், முயல்தான். பழைய காலத்தில் கப்பலில் உணவுக்காக ஏற்றிய முயல்கள் கயிற்றைக் கடித்துக் கப்பலையே மூழ்கடித்தனவாம். அன்றிலிருந்து பிரெஞ்சு மாலுமி அந்தப் பெயரை வாயில் எடுக்க மாட்டான், ‘நீண்ட காதுக்காரர்’ என்பான். உணவகத்தில் அன்றைக்கு முயல்கறி என்றால் ஷெஃப் பரிமாறுகிற பெண்ணிடம் தட்டை நீட்டி, விரலால் காட்டி, “அது” என்பார். சாப்பிடுவதில் ஒரு தடையும் இல்லை! செல்வம் வந்த பிறகு நாங்கள் இருவரும் அவர் முன்னாலேயே தமிழில் ‘முயல், முயல்’ என்று பேசிச் சிரித்திருக்கிறோம். கப்பல் ஒன்றும் மூழ்கவில்லை.

செல்வம் வந்தது தையலுக்குத்தான். இறக்கையைத் தாங்கிகளின் மேல் செங்குத்தாக நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார வேண்டும். நான் நீண்ட ஊசியை விலாவுக்குப் பக்கத்தில் குத்தி அனுப்புவேன், மறுபக்கம் இருப்பவர் வாங்கி, விலாவின் அடுத்த பக்கமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். நூலை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த தையல். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசியின் நுனி மட்டும் வரும், போகும். எனக்கு வந்த ஆட்களில் பாதிப்பேர் என் விரலைத்தான் தைத்தார்கள். செல்வம் ஊரில் பாய்மரத்துணி தைத்தவன், இங்கே ரூ காய் தெருவில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் சட்டை தைத்துக்கொண்டிருந்தான். நான்தான் அழைத்து வந்தேன். முதல் நாளே எங்கள் ஊசி தடங்கலில்லாமல் போய் வந்தது.

பேச்சும் துணிக்கு ஊடாகவே நடக்கும். அவன் மனைவி யோகம் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் இவன் கிளம்பி வந்தவன். இங்கே நிரந்தர வேலை இருந்தால்தான் மனைவியை அழைக்கும் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்கள். வேலையில் தகுதிகாண் காலம் முடியும் வெள்ளிக்கிழமையன்று ஷெஃப் சரி என்றால் யோகம் வருவாள். இல்லையென்றால் மறுபடி புடவைக் கடையின் பின்னறைதான், மறுபடி காத்திருப்புதான்.

“யோகம் என்ன சொல்றா?” என்று கேட்பேன்.

“அவ இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை அக்கா. முந்தி எப்ப வாறது எண்டு கேப்பா. இப்ப, சாப்பிட்டியளோ எண்டு மட்டும் கேக்கிறா. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

நான்கு இறக்கைகளுக்கும் போர்த்தித் தைத்து முடித்தோம். அந்த வாரம் கீழிறக்கை ஒன்றுக்கு முதல் பூச்சு. கண்ணாடி போல் நிறமற்ற பூச்சு அது. ஷெஃப் தானே தூரிகையை எடுத்து உள்மூலையிலிருந்து தொடங்கினார், நாங்கள் இரண்டடி தள்ளி நின்றோம். நான்கைந்து இழுப்பு இழுத்திருப்பார். துணிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் ஊறி வந்தது. தூரிகை போன வழியெல்லாம் அதுவும் வாலை நீட்டிக்கொண்டே போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாழையிலை அகலத்துக்கு வந்துவிட்டது.

ஷெஃப் தூரிகையைக் கீழே வைத்தார். நின்றார்.

“கூரி!” என்றார்.

பிரெஞ்சுக்காரர் வாயில் நம் குழம்பு, பொரியல், மசால் எல்லாமே கூரிதான். செல்வத்தின் மதியச் சாப்பாட்டை அவர் பார்த்திருக்கிறார், பருப்பின் நிறத்தையும் பார்த்திருக்கிறார். இறக்கையின் மேல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறான், எண்ணெயும் கூரியும் துணியில் இறங்கிவிட்டன என்று அவர் முடிவு கட்டியதில் தப்பே இல்லை.

“பா மாஞ்ஜே, ஷெஃப்! பா மாஞ்ஜே!” என்று செல்வம் கையை ஆட்டினான். சாப்பிடவில்லை என்று சொல்ல அன்று அவனிடம் இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான். முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினான். “அக்கா, நான் சாப்பிடேல்லை. மஞ்சள்தான் வைச்சனான். புதுத்துணியெல்லோ?”

எனக்கு அந்தக் கறையைப் பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் புதுத்துணிக்கு அம்மா சிலுவை அடையாளம் போடுவாள், அடுத்த வீட்டில் ஓரத்தில் மஞ்சள் வைப்பார்கள். ஏதாவது ஒன்று இல்லாமல் எந்தப் புதுத்துணியும் உடம்பில் ஏறியதில்லை. நான் ஊசியில் நூல் கோக்கத் திரும்பிய நேரத்தில் இவன் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து மடிப்புக்குள் ஒரு விரல் தடவியிருக்கிறான். வெளியே தெரியாது என்று நினைத்தான். பூச்சில் இருக்கும் கரைப்பான் மஞ்சளை இழுத்துக்கொண்டு வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும்தான் தெரியாது.

“எத்தனை இறக்கையில?” என்று கேட்டேன்.

“நாலிலையும்.”

“நல்லாருக்குடா! பேசாம இரு, நான் பார்த்துக்கறேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மசாலாப் பொருள் என்று ஆரம்பித்தால், ஆக கூரிதானே என்பார். சாமி சமாச்சாரம் என்றால், பட்டறையில் சாமிக்கு என்ன வேலை என்பார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாதா தந்தாள் என்றே இன்றும் சொல்வேன்.

“ஷெஃப், உங்க முன்னாடி நீண்ட காதுக்காரரோட நிஜப் பெயரை ஒரு தடவை சத்தமா சொல்லட்டுமா?”

அவர் இரண்டு கையையும் தூக்கினார். “வேண்டாம்! இறக்கை ஈரமாக இருக்கிறது!”

“சொன்னா என்ன ஆகும்?”

“ஒன்றும் ஆகாது. ஆனால் சொல்லக் கூடாது.”

“இவருக்கும் அப்படித்தான் ஷெஃப். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காட்டி ஒண்ணும் ஆகாது. ஆனா வைக்காம இருக்கக் கூடாது. இதுல எண்ணெய் கிடையாது, தண்ணியில குழைச்ச வெறும் மஞ்சள். போட்டுக்கிற ஆளுக்கு ஒரு கெடுதியும் வரக் கூடாதுன்னுதான் வைக்கிறது. மேலிறக்கைக்கு ஏன் மஞ்சள் பெயின்ட் அடிக்கணும்னு நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?”

அதைச் சொன்னவர் அவரேதான். அந்தக் காலத்தில் இந்த மாதிரி விமானங்களின் மேலிறக்கைக்கு மேல்பக்கம் மட்டும் பளீரென்று மஞ்சள் அடிப்பார்கள். கடலில் விழுந்துவிட்டால், தேடி வருபவர்கள் கண்ணுக்குப் படட்டும் என்று. மற்றதெல்லாம் வெள்ளி நிறம்.

ஷெஃப் கறையைப் பார்த்தார், செல்வத்தைப் பார்த்தார், மறுபடி கறையைப் பார்த்தார். கடைசியில், “மனிதர் சொல்வதை நான் கேட்பதில்லை. துணி சொல்லட்டும்” என்றார்.

துணியைச் சொல்ல வைக்கும் வழி இது. முதல் பூச்சு காய்ந்ததும், கறையின் நட்டநடுவில் விரல் அகலத் துணிப்பட்டை ஒன்றைப் பூச்சாலேயே ஒட்டினார். ஒரு முனையை மட்டும் ஒட்டாமல் விட்டார். பக்கத்திலேயே கறையின் மேல் வெள்ளிப் பூச்சும் கொஞ்சம் அடித்துவைத்தார். இரவு முழுவதும் காய வேண்டும். காலையில் குறட்டால் பட்டையின் முனையைப் பிடித்து இழுப்பார். பட்டை கிழிந்தால் பூச்சு துணியைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். காய்ச்சிய பால் ஆடை போல் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தால், நான்கு இறக்கைகளின் துணியையும் கிழித்தெறிய வேண்டும். செல்வத்தின் வேலையும் அத்தோடு சரி. இதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் காலை கார் து நோர்ட் நிலையத்தில் இரயில் ஏறும்போது செல்வத்தின் நெற்றி நிறையத் திருநீறு. நான் கோயிலில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தேன். பட்டறைக்குள் நுழைந்தால் ஷெஃப் எங்களுக்கு முன்பே வந்து இறக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கீழே பார்த்தேன். தாங்கியின் காலுக்கு அடியில் ஒரு பழைய நாணயம் மினுங்கியது, முந்தின நாள் அது அங்கே இல்லை. கப்பல் கட்டும்போது பாய்மரத்துக்கு அடியில் நாணயம் வைப்பது மாலுமிகளின் வழக்கம். அடப் பாவி மனுஷா, உனக்கும் இது நல்லபடி முடிய வேண்டும் என்று இருந்திருக்கிறதே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒன்றும் பார்க்காதவள் போல் திரும்பிக்கொண்டேன்.

குறட்டை எடுத்தார். முனையைப் பிடித்தார். மெதுவாக இழுத்தார். துணி இறக்கை முழுவதும் முனகியது. செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். ‘சர்ர்’ என்று ஒரு சத்தம்.

பட்டை நடுவில் கிழிந்து அவர் கையோடு வந்தது. பூச்சு அசையவில்லை. வெள்ளி அடித்த இடத்திலும் மஞ்சளின் சுவடே தெரியவில்லை. ஷெஃப் குனிந்து கறையின் மேல் ஒரு சுண்டு சுண்டினார், காதை வைத்துக் கேட்டார், அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

நகர்ந்துவிட்டார்! நான் செல்வத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். “கண்ணைத் திறடா, நகர்ந்துட்டார்!”

“வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்துக்கு வா, கையெழுத்துப் போட வேண்டும்” என்றார் ஷெஃப், இறக்கையைப் பார்த்துக்கொண்டே. பிறகு நாலடி நடந்துவிட்டு, திரும்பாமலேயே சொன்னார்: “சுக்கானுக்கும் புதுத்துணிதான் போர்த்தப் போகிறோம், நினைவிருக்கட்டும். ஒரு பொட்டு போதும். வாழையிலை வேண்டாம்.”

வாழையிலை என்று அவர் சொல்லவில்லை, மேசைவிரிப்பு என்றார். எனக்கு அப்படித்தான் கேட்டது.

“அக்கா, அவர் என்ன சொல்லுறார்?”

“சுக்கானுக்கும் மஞ்சள் வைக்கச் சொல்றார்டா.”

செல்வம் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். நானும் அழுதேன். ஷெஃப் பூச்சு டப்பாவைத் தேடுவது போல் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டே யோகம் வந்தாள். பெட்டியில் பாதிக்கு மேல் அவளே வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள். செல்வம் அதில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, “என் மனைவி கொண்டுவந்தாள்” என்று ஷெஃபிடம் நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். சமைப்பார் போலும் என்று நினைத்தோம். அதன் பிறகு எங்கள் குண்டுப் பையனுக்கு மேலே மஞ்சள், கீழே வெள்ளி, வயிற்றுக்கு அடியில் மரக்குண்டுகள் எல்லாம் வந்துசேர்ந்தன. பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்ததை எத்தனையோ முறை நின்று இரசித்திருக்கிறேன்.

துணிக்கும் ஆயுள் உண்டு, இப்போது மாற்றுகிறார்கள். கிளேர் என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுவாரமே திரும்ப அழைத்தாள். தனித் துண்டுத் துணியில் மஞ்சள் தடவி, பட்டை ஒட்டி இழுத்துப் பார்த்தாளாம், பட்டைதான் கிழிந்ததாம். “அப்படியென்றால் இதுவும் இந்த விமானத்தின் வரலாறுதானே? போர்த்துகிற அன்று எல்லாரும் வாருங்கள்” என்றாள். நான் ஷெஃபுக்குத் தொலைபேசினேன். பெரிய கிழவராகிவிட்டார், காது மந்தம், ஆனாலும் பிரெத்தானிலிருந்து இரயிலில் வருகிறேன் என்றார்.

நேற்றுதான் அந்த நாள். செல்வம் ரூ காயில் வாங்கிய மஞ்சளோடு வந்தான். யோகமும் வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த விமானத்தைக் கீழே நின்று பார்த்திருக்கிறாளே தவிர, பட்டறைக்குள் வந்ததில்லை. ஷெஃப் கைத்தடியோடு வந்து, புதுத்துணி போர்த்திய இறக்கையைச் சுண்டிப் பார்த்தார். பூச்சு போடாத துணியில் என்ன சத்தம் கேட்கும்? பழக்கம். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பழைய பொட்டலத்தை எடுத்தார்.

“புதுத்துணிக்கு வைக்கும் அந்தப் புனிதத் தூள். என் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒரு சிட்டிகைகூட எடுத்ததில்லை” என்று பெருமையாகச் சொல்லி, இறக்கைக்கு நேர் மேலே நீட்டி, பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

வாசனை முதலில் யோகத்துக்குத்தான் போனது. “ஐயோ, இது நான் இடிச்ச கறித்தூளெல்லோ!” என்று கத்திக்கொண்டே பாய்ந்து, அவர் கையிலிருந்து அதைப் பறித்துவிட்டாள். பிறகு, இத்தனை வருடம் வீட்டில் செல்வம் சொல்லிச் சொல்லிக் காட்டிய அந்தச் சட்டத்தை, நல்ல சுத்தமான பிரெஞ்சில், இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்:

“ஷெஃப்! இறக்கைப் பக்கம் சாப்பாடு வரக் கூடாது!”

ஷெஃப் அவளைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். “கூரி?” என்று மெல்லக் கேட்டார்.

“கூரி” என்றாள் யோகம்.

அவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, “பா மாஞ்ஜே! பா மாஞ்ஜே!” என்றார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது நேற்றுதான். செல்வம் தாங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கிளேர் தரையில் உட்கார்ந்தேவிட்டாள்.

சிரித்து முடித்ததும், முதல் பொட்டை ஷெஃபே வைக்கட்டும் என்று செல்வம் மஞ்சள் கிண்ணத்தை நீட்டினான். யோகம் விடவில்லை. கறித்தூள் பட்ட கை அது. குழாயடிக்கு அனுப்பி, சவர்க்காரம் போட்டுக் கழுவவைத்து, விரல் விரலாகப் பார்த்த பிறகுதான் அவரை இறக்கையைத் தொட விட்டாள்.